உள்ளபடியே விற்ற எஸ்எல்கே: ஒரு கோவை காரின் விற்பனை ஆய்வு

கோவை வடக்கு ஆர்டிஓவில் 2008-இல் பதிவான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல்கே 200 கொம்ப்ரஸர். இரண்டே சீட், மடங்கி டிக்கிக்குள் போகும் உலோக ரூஃப், ஆட்டோமேட்டிக் கியர், ஓடியது 61,000 கிலோமீட்டர். விற்றவர் கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தி இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவர். வாங்கியவர் கரூர்க்காரர், பெங்களூரில் ஐடி வேலை. காரை நேரில் பார்க்காமல், விளம்பரத்தையும் வீடியோக்களையும் வைத்தே வாங்கினார். 2024-இல் 9.6 லட்சம் ரூபாய்க்கு, "உள்ளபடியே, உத்தரவாதம் எதுவுமின்றி" என்ற ஒப்பந்தத்தில் கைமாறியது. பெரியவர் சார்பில் காரைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுத்தது நான். இருவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இந்த மாதிரி கார்கள் நம் ஊர்களில் நிறையவே ஷெட்டில் நிற்கின்றன. கோவைக்குக் கார் மீதுள்ள பிரியம் புதிதில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது, ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்ப் பிள்ளை, அவிநாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்றே ஜிடி மியூசியம் இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. தரையோடு தரையாக இருக்கும் சீட்டிலிருந்து எழுந்திரிக்க முட்டி ஒத்துழைப்பதில்லை. இவரும் அதனால்தான் விற்க முடிவு செய்தார். ஞாயிறு காலையில் ரூஃபைத் திறந்துகொண்டு ஆனைகட்டி ரோட்டில் போவார். மழை விட்ட பிறகு ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போய் வருவார். பிரியமாக வைத்திருந்த கார். அதனாலேயே விலையைப் பற்றி அவரிடம் பேசுவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அவர் மனதில் 14 லட்சம் இருந்தது. சந்தை அதற்குப் பக்கத்தில் கூட இல்லை. டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளும், அவற்றை அமல்படுத்தச் சொன்ன 2018-ஆம் வருட உச்ச நீதிமன்ற உத்தரவும், அங்கிருந்த சொகுசுக் கார்களை மலிவு விலையில் தெற்கே தள்ளிவிட்டன. கோவையில் இருபது வருடம் பொத்திப் பாதுகாத்த காரும், டெல்லியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய காரும் விளம்பரப் பக்கத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று ஆர்சி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயாகவும் இறக்குமதிக் காருக்கு 40,000 ஆகவும் ஏறியது. எஸ்எல்கே ஜெர்மனியில் பிரெமன் ஆலையில் கட்டப்பட்ட கார். இந்த ஆர்சியிலும் இறக்குமதி என்றே பதிவு. பெரியவர் 2023-இலேயே 40,000 கட்டிப் புதுப்பித்துவிட்டார். விற்கும் நேரத்தில் இது பெரிய பலமாக இருந்தது. பதிவு முடிந்து நிற்கும் காரைத் தொலைவிலிருந்து வாங்க ஆள் வருவது அரிது.

விளம்பரம்

முதலில் அவருடைய தங்கை மகன் எழுதிய விளம்பரத்தில் "மின்ட் கண்டிஷன், சிங்கிள் ஓனர், ஒரு ரூபாய் செலவில்லை" என்று இருந்தது. மூன்றும் சரியில்லை. ஆர்சியில் இவர் இரண்டாவது உரிமையாளர். அந்த வரிகளை எடுக்கச் சொன்னது அழகுக்காக இல்லை. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வர்ணனையை நம்பி வாங்கினால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 16-ஆவது பிரிவின்படி தரத்தைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. 62-ஆவது பிரிவு, சட்டம் தானாக ஏற்றிவைக்கும் பொறுப்புகளை இருவரும் வெளிப்படையாகப் பேசி விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. "உள்ளபடியே" என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் பலம் கிடைப்பது இந்த இரண்டு பிரிவுகளில்தான். கீழே "உள்ளபடியே" என்று போட்டுவிட்டு மேலே "மின்ட் கண்டிஷன்" என்று எழுதினால், சண்டை வரும் நாளில் மேல் வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இதில் என் நிலை உறுதியானது. உள்ளபடியே விற்பது என்றால் உள்ளதை எல்லாம் சொல்லி விற்பது. சொன்ன குறைக்கு மட்டும்தான் அந்த வார்த்தை கவசம். சொல்லாத குறைக்கு 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு காத்திருக்கிறது: தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது மோசடி.

கண்ணபுரம் சந்தையில் காளை வாங்குபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் விலை. ஆன்லைனில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த வேலையை விற்பவர் செய்து கொடுக்க வேண்டும். நாங்கள் செய்தது இது.

காலை ஆறு மணிக்கு, இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம். முதலில் பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்துக் காட்டி, மீட்டரில் என்ஜின் சூடு குறைவாக இருப்பதைக் காட்டி, அப்புறம் சாவி. இந்தக் காரில் இருப்பது எம்271 என்ற 1,796 சிசி, சூப்பர்சார்ஜர் வைத்த நாலு சிலிண்டர் என்ஜின், 163 குதிரைத்திறன். டைமிங் செயின் நீள்வதும் கேம் பல்சக்கரம் தேய்வதும் இந்தக் குடும்ப என்ஜின்களில் தெரிந்த நோய். குளிர்ந்த என்ஜினில்தான் அந்தச் சத்தம் கேட்கும், சூடாகிவிட்டால் அடங்கிவிடும். ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பது பழைய புரோக்கர் வித்தை. வாங்குபவர்கள் இந்த ஒரு வீடியோவை மட்டும் விடாமல் கேளுங்கள். இந்தக் காரில் இரண்டு மூன்று வினாடி சலசலப்பு இருந்தது. எழுதினோம்.

அடுத்தது ரூஃப். 1996-இல் வந்த முதல் எஸ்எல்கேயிலிருந்தே இந்தக் காரின் பேரே அதில்தான் இருக்கிறது. இது 2004-இல் வந்த இரண்டாம் தலைமுறை; கம்பெனிக் கணக்கில் 22 வினாடியில் ரூஃப் மடங்கி உள்ளே போக வேண்டும். இங்கே 30 வினாடியைத் தாண்டியது. ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் கசிந்துகொண்டிருந்தது. நம் ஊர் வெயிலில் கதவுக் கண்ணாடிக்கு மேலிருக்கும் ரப்பர் பீடிங்கும் காய்ந்து இறுகியிருந்தது. ஹோஸ் பிடித்து அடித்தால் இடது பக்கம் சொட்டியது. சொட்டுவதையே வீடியோ எடுத்தோம். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம காரை நாமளே குறை சொல்லோணுங்களா தம்பி?" என்றார். வாங்கியவரை முதலில் நம்ப வைத்ததே அந்த வீடியோதான் என்று பிற்பாடு தெரிந்தது.

டயரில் பள்ளம் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 2617 என்ற இலக்கம்; 2017-ஆம் வருடத்தின் 26-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஏழு வருட டயர். முன் பம்பரும் வலது கதவும் மறுபெயிண்ட். கியர்பாக்ஸின் 13 பின் கனெக்டரில் எண்ணெய் ஈரம். அதன் ஓ-ரிங் தளர்ந்தால் எண்ணெய் ஒயர் வழியாகவே ஏறி கியர் கம்ப்யூட்டர் வரை போகும். ஸ்கேனர் போட்டபோது கியர்பாக்ஸில் எந்தப் பிழைக் கோடும் (கோளாறைக் காட்டும் குறியீடு) இல்லை. அந்த அச்சையும் சேர்த்தோம்.

ஆள் வந்தது

விளம்பரம் போட்ட அன்றே ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பேசினார். விலையே பேசவில்லை. லாரி அனுப்புகிறேன், க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்றார். பணம் வாங்க யாரும் எதையும் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெங்களூர்க்காரர் வேறு ரகம். முதல் போனிலேயே கியர் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருங்க தம்பி?" கரூர், வேலாயுதம்பாளையம் பக்கம் என்றதும் அரை மணி நேரம் காரை விட்டுவிட்டு ஊர்க்கதை ஓடியது. நேரில் வந்து பார்க்கச் சொன்னார். "லீவு கிடைக்கலீங்கய்யா" என்றார் அவர். கோவையில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் யாரையாவது அனுப்பச் சொன்னேன். அறிக்கையே போதும் என்றார். பார்க்க அழைத்ததையும் அவர் வேண்டாம் என்றதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். அந்த வரி பின்னால் முக்கியமானது.

12 லட்சத்தில் விளம்பரம், 9.6-இல் முடிந்தது. செயின், ரூஃப் சிலிண்டர், டயர் மூன்றுக்கும் மதிப்பீடு வாங்கி அதைக் கழித்தே பேசியதால் இழுபறி இல்லை. நான்கு லட்சத்தை ரொக்கமாகத் தரட்டுமா என்று கேட்டார். பெரியவர் மறுத்தார். 2017 ஏப்ரல் முதல் ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய கைக்கு அதே தொகை அபராதம். முன்பணம் 50,000 வங்கி வழியாக, மீதி ஆர்டிஜிஎஸ். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே சாவி. கார் தனிநபர் பேரில் இருந்ததால் வரி விவகாரம் அத்தோடு முடிந்தது. இங்கே பல சொகுசுக் கார்கள் கம்பெனி பேரில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் விலை பேசக் கூடாது.

காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், கார் கேரியரில் ஏற்றுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 360 கிலோமீட்டர், ஏழு வருட டயர். ஏற்றும்போது மீட்டர் அளவு, நேரம், நாலு பக்கப் படம், இரண்டு சாவி என எல்லாம் எழுதிக் கையெழுத்தானது. ஃபாஸ்டேக்கை அதற்கு முன்பே மூடிவிட்டோம்; இல்லாவிட்டால் அடுத்தவர் ஓட்டத்துக்கு நம் கணக்கில் டோல் போகும்.

பேர் மாறும் வரை

விற்பவர்கள் அதிகம் அசட்டையாக இருப்பது இந்த இடத்தில்தான். பணம் வந்ததும் கார் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவின்படி பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அந்தக் கார் கை கையாக விற்கப்பட்டது, பேர் மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தபோது இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் இருந்தவர் தலையில் விழுந்தது. விற்று இரண்டு வருடத்துக்குப் பக்கம் ஆகியிருந்ததும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் படிவம் 28 போட்டு என்ஓசி என்ற தடையின்மைச் சான்று வாங்கி, 45 நாளுக்குள் வாங்கியவர் ஊர் ஆர்டிஓவுக்கு அது போய்ச் சேர வேண்டும். வாங்கியவர் தன் பங்குக்கு 30 நாளில் தெரிவிக்க வேண்டும். ஆனால் இன்னொரு மாநில வண்டியை 12 மாதம் வரை வைத்திருக்கலாம் என்ற 47-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு பலர் இழுக்கிறார்கள். கர்நாடகத்தில் பேர் மாற்றினால் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். யாருக்கும் அதைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். அந்தத் தள்ளிப்போடும் காலம் முழுக்க ஆபத்து விற்றவருடையது.

அதனால் விலைக்கு மேல் 50,000 ரூபாயைப் பெரியவரிடம் வைப்பாகக் கொடுத்து, கர்நாடக எண் ஏறியதும் திரும்ப வாங்கிக்கொள்வது என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வெற்றிடம் விடாமல் பேர், தேதி நிரப்பித்தான் கையெழுத்து. நிரப்பாமல் கையெழுத்துப் போட்ட படிவம் புரோக்கர் கைக்குப் போனால், நவீன் குமார் வழக்கு மாதிரிதான் கார் நாலு கை மாறும். பேர் மாறும் வரை பெரியவர் இன்சூரன்ஸையும் விட்டுவிடவில்லை. நடுவில் பெங்களூர் கேமரா பிடித்த ஒரு வேகச் சலான் கோவைக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்தது. அனுப்பியவுடன் வாங்கியவர் கட்டிவிட்டார்.

புகார்

முதல் வாரத்தில் வந்த புகார், ரூஃப் திறக்கவே இல்லை என்பது. பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "டிக்கிக்குள்ள இருக்கற திரையை இழுத்துக் கொக்கில மாட்டியிருக்கீங்களாங்க?" ரூஃப் மடங்கி உட்காரும் இடத்தில் சாமான் இல்லை என்று காருக்குத் தெரிய அந்தத் திரை மாட்டியிருக்க வேண்டும். மாட்டினார், திறந்தது.

இரண்டாவது புகார் கனமானது. பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் கியர் இரண்டாவதிலேயே நின்றுவிட்டது. என்ஜினை அணைத்துப் போட்டால் சரியாகிறது, மறுநாள் மறுபடியும் வருகிறது. இந்த ஐந்து கியர் பெட்டியில் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட்டின் வேக சென்ஸார் போனால் இப்படித்தான் ஆகும். பிளேட், எண்ணெய், ஃபில்டர் எல்லாம் சேர்த்து அங்கே சொன்ன மதிப்பீடு 65,000. அவர் கேட்டது: "இது முன்னாடி ஒருக்காவாவது வந்திருக்குங்களா?"

வந்திருக்கிறது. முந்தின வருடம் வால்பாறை இறங்கும்போது ஒரு தடவை. ஒர்க்‌ஷாப்பில் பிழைக் கோடை அழித்துக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் வரவில்லை; பெரியவர் அதை ஒரு கோளாறாகவே நினைக்கவில்லை. என் ஸ்கேனரில் எதுவும் வராததற்கும் அதுதான் காரணம். கனெக்டர் ஈரம் அறிக்கையில் இருந்தது, ஆனால் இந்தச் சம்பவம் இல்லை.

சட்டப்படி வாங்கியவர் நிலை பலவீனம் என்றே நினைக்கிறேன். வேண்டுமென்று மறைத்ததாகக் காட்டுவது கஷ்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின் விதிவிலக்கும் எதிரே நிற்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரியும் வாய்ப்பு இருந்த இடத்தில், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. மெக்கானிக்கை அனுப்பச் சொல்லியும் அனுப்பவில்லை என்பது அவர் கையெழுத்திலேயே இருந்தது.

ஆனால் பெரியவரிடம் நான் வேறு மாதிரி சொன்னேன். ஈரத்தை எழுதிய நாம் அந்த வால்பாறை சம்பவத்தையும் எழுதியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? அந்த 65,000-இல் ஏறக்குறைய பாதியாவது விலையில் கழித்திருப்பார். அந்தத் தொகை இப்போது நம்மிடம்தான் இருக்கிறது. முழுதும் கொடுக்க வேண்டியதில்லை. 16 வருட கியர்பெட்டியில் ஈரம் என்று படித்தவருக்கும் அதில் பங்கு உண்டு. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 30,000 தருகிறேன் என்றார், பேர் மாறிய பிறகு. மறுமுனையில் ஒப்புக்கொண்டார்கள். இதற்கு மேல் கோரிக்கை இல்லை என்று ஒரு பக்கக் கடிதமும் கையெழுத்தானது.

கர்நாடக எண் ஏறிய ஆர்சியின் படம் வந்ததும், பெரியவர் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் தானே சரிபார்த்துவிட்டு 80,000 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினார். என் அறிக்கைப் படிவத்தில் இப்போது விற்பவரிடம் கேட்க ஒரு வரி கூடியிருக்கிறது: ஸ்கேனரில் என்ன வந்தாலும் சரி, கடந்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவையாவது கார் வழியில் நின்றதா, எந்த விளக்காவது எரிந்து அணைந்ததா, யாராவது கோடை அழித்தார்களா. ரூஃப் சிலிண்டருக்கு மட்டும் வாங்கியவர் தன் செலவிலேயே சீல் மாற்றிக்கொண்டார். அது அறிக்கையில் இருந்த விஷயம் என்பதால் அதைப் பற்றி அவர் போன் செய்யவே இல்லை.